தோட்டத்தில் நின்ற ஆறு பேர்

சென்ற இரண்டு இதழ்களில் லூர்து நகர்த் திருப்பயணத்தைப் பற்றி எழுதியிருந்தோம். அவற்றைப் படித்த அன்பர்கள் சிலர் பூசை முடிந்து வெளியே வருகையில் நம்மை மடக்கிக்கொண்டு, "சாமி, பாரிசில் என்ன பார்த்தீர்கள்? ஈபெல் கோபுரத்தில் ஏறினீர்களா?" என்று கேட்டவண்ணம் இருக்கின்றனர். ஏறவில்லை. கீழே நின்று அண்ணாந்து பார்த்தோம், கழுத்து வலித்தது, அவ்வளவே. ஆனால், அந்நகரில் நாம் கண்ட வேறோர் இடம் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது. அது கோயில் அன்று, திருத்தலம் அன்று, ஒரு சிற்பியின் தோட்டம். அதைப் பற்றி இம்மாதம் எழுதுவதற்கு வாசகர்கள் பொறுத்தருள்வார்களாக.

நம் திருப்பயணக் குழுவில் முப்பத்தெட்டுப் பேர். பாரிசில் நமக்குக் கிடைத்தவை இரண்டே நாள்கள். முதல் நாள் காலையில் பாக் தெருவிலுள்ள அற்புதப் பதக்க அன்னையின் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றினோம். 1830-ஆம் ஆண்டில் புனித கத்தரீன் லபுரே அன்னையின் காட்சியைப் பெற்ற இடம் அது. நம் பாட்டிமார் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கோத்து அணிந்திருந்த பதக்கத்தின் பிறப்பிடம் என்று நினைக்கையில், நீண்ட நாள் பிரிந்திருந்த உறவினர் வீட்டுக்குள் நுழைந்த உணர்வு உண்டாயிற்று. நம் பெண்கள் பதக்கம் வாங்குவதில் மும்முரமானார்கள். ஒருவர் நூற்றைம்பது வாங்கினார். ஊரில் கணக்குச் சொல்ல வேண்டுமல்லவா!

பிற்பகல் ஓய்வு என்று அறிவிக்கப்பட்டது. அங்கு மேற்படிப்புக்காகத் தங்கியிருக்கும் நம் மறைமாவட்டத்து இளங்குரு ஒருவர் நம்மிடம் வந்து, "ஃபாதர், பதினைந்து நிமிடம் நடப்பீர்களா? ஒரு தோட்டம் காட்டுகிறேன்" என்றார். தோட்டம் என்றதும் ஒப்புக்கொண்டோம். போகும் வழியில்தான் அது ரோடான் என்னும் சிற்பியின் அருங்காட்சியகம் என்று தெரிவித்தார். நம் கால்கள் சற்றே தயங்கின. ஆடையற்ற உருவங்களைச் செய்தவர் என்பதைத் தவிர அச்சிற்பியைக் குறித்து நமக்கு அதிகம் தெரிந்திருக்கவில்லை. திருப்பயணம் வந்த பங்குத்தந்தை அங்கே நின்றுகொண்டிருப்பதை நம் குழுவினர் எவரேனும் கண்டால் என்ன நினைப்பார்கள் என்ற எண்ணம் எழுந்ததையும் மறைப்பானேன்?

வரேன் தெருவில் உயர்ந்த மதிலுக்குள்ளே இருக்கிறது பிரோன் மாளிகை. பதினெட்டாம் நூற்றாண்டில் பெருஞ்செல்வர் ஒருவர் கட்டிய அரண்மனை போன்ற வீடு. ஆனால், நம்மை முதலில் நிற்கவைத்தது வேறு செய்தி. 1820-இல் அந்த மாளிகையை வாங்கியவர் இயேசுவின் திருஇருதய சபையை நிறுவிய புனித மதலேன் சோபி பரா என்னும் அன்னை. ஏறத்தாழ எண்பத்துநான்கு ஆண்டுகள் அது கன்னியர் மடமாகவும் பெண்கள் பள்ளியாகவும் விளங்கியது. பொன்முலாம் பூசிய மரவேலைப்பாடுகளும் நிலைக்கண்ணாடிகளும் எளிய துறவு வாழ்வுக்கு ஒவ்வா என்று சகோதரிகள் அவற்றையெல்லாம் பெயர்த்து விற்றுவிட்டார்களாம். 1904-இல் துறவற சபைகள் பள்ளி நடத்தலாகாது என்று பிரெஞ்சு அரசு சட்டம் இயற்றியது. சகோதரிகள் வெளியேற்றப்பட்டனர். வெறுமையான கட்டடத்தில் மலிந்த வாடகைக்குக் கலைஞர்கள் குடியேறினர். ரில்கே என்னும் கவிஞரும் அங்கே தங்கியிருந்தார். 1908-இல் அவ்விடத்தின் அழகை ரோடானுக்கு எடுத்துச் சொன்னவர் அவரே என்பர். சிற்பியும் தரைத்தளத்து அறைகளை வாடகைக்கு எடுத்தார். 1911-இல் அரசு மாளிகையை வாங்கியது. 1916-இல் ரோடான் தம் படைப்புகள் அனைத்தையும் நாட்டுக்கு எழுதிக்கொடுத்து, இதே மாளிகையில் அவற்றை வைக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அருங்காட்சியகம் 1919-இல் திறக்கப்பட்டது. அதைக் காண அவர் உயிரோடில்லை. 1917 நவம்பரில் இறந்துபோனார்.

கன்னியர் செபித்த சிற்றாலயம் இன்றும் நிற்கிறது. அதன் வழியாகத்தான் நுழைவு. செபமாலை சொன்ன கூடத்தில் நுழைவுச்சீட்டு வாங்குவது நமக்குச் சற்று வேதனையாகவே இருந்தது. இளங்குருவிடம் அதைச் சொன்னோம். "உள்ளே வாருங்கள் ஃபாதர், பிறகு பேசுவோம்" என்று மட்டும் சொல்லி நம்மை அழைத்துச் சென்றார்.

ஏறக்குறைய ஏழரை ஏக்கர் பரப்புள்ள தோட்டம். ரோஜாச் செடிகள், கூம்பு வடிவில் கத்தரித்து நிறுத்திய பசும்புதர்கள், அவற்றின் நடுவே உயர்ந்த பீடத்தில் 'சிந்தனையாளர்'. நம் பள்ளிப் புத்தகங்களிலும் விளம்பரங்களிலும் பலமுறை கண்ட உருவந்தான். பின்னணியில் நெப்போலியனின் கல்லறையைக் கொண்ட அன்வலிது ஆலயத்தின் பொற்குவிமாடம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வெயிலும் மழையும் பட்டுப் பச்சை படர்ந்த வெண்கலம். சிற்பக்கூடத்தில் சுவரோரமாக வைத்த உருவத்தைக் காண்பது வேறு. திறந்த வெளியில் சுற்றிச்சுற்றி வந்து காண்பது வேறு. மேகம் நகர்ந்தால் முதுகில் நிழல் நகர்கிறது. தலையில் ஒரு புறா வந்து அமர்ந்து எழுந்து போயிற்று.

"அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பாருங்கள்" என்றார் இளங்குரு. வலது முழங்கையை இடது தொடைமேல் ஊன்றியிருக்கிறார் அம்மனிதர். அப்படி அமர்ந்து பார்த்திருக்கிறீர்களா? நாம் பார்த்தோம். அருகிலிருந்த இருக்கையில் அமர்ந்து, வலது முழங்கையை இடது தொடைக்குக் கொண்டுபோனதும் இடுப்பில் ஒரு பிடிப்பு. சுற்றி நின்ற பள்ளிச் சிறுமியர் சிரித்துவிட்டார்கள். ஓய்வாக அமர்ந்து சிந்திப்பவனின் இருப்பன்று அது. உடல் முழுவதையும் முறுக்கிப் பிழியும் இருப்பு. கால்விரல்கள்கூடத் தரையை இறுகப் பற்றியிருக்கின்றன.

இந்த உருவம் தனியாகப் பிறந்ததன்று. 1880-இல் புதிதாக எழுப்பப்படவிருந்த ஓர் அலங்காரக்கலை அருங்காட்சியகத்துக்கு வெண்கல வாயில் செய்யுமாறு அரசு ரோடானைப் பணித்தது. தாந்தே பாடிய நரகத்தை அவர் கருப்பொருளாக எடுத்துக்கொண்டார். வாயிலின் உச்சியில் அமர்ந்து, கீழே துன்புறும் ஆன்மாக்களைக் குனிந்து நோக்கும் கவிஞனே முதலில் இவன். அன்று இவன் உயரம் ஏறத்தாழ எழுபது சென்டிமீட்டர். பின்னரே பெரிதாக்கப்பட்டான். 1906-இல் பாந்தெயோன் மண்டபத்தின் முன் நிறுத்தப்பட்டு, 1922-இல் இத்தோட்டத்துக்கு வந்து சேர்ந்தான்.

அந்த அருங்காட்சியகம் கட்டப்படவேயில்லை. சிற்பியோ வாயிலை விடவில்லை. கூட்டியும் குறைத்தும் பல்லாண்டுகள் அதனோடு போராடினார். ஆறு மீட்டருக்கு மேல் உயரம். ஏறத்தாழ இருநூறு உருவங்கள். அவர் உயிரோடிருந்தவரை அது வெண்கலத்தில் வார்க்கப்படவில்லை. இன்று தோட்டத்தில் நிற்பது அவருக்குப் பின் வார்க்கப்பட்டது. திறக்காத கதவு, எந்தக் கட்டடத்துக்கும் சொந்தமில்லாத வாயில். அதன் முன் நாம் வெகுநேரம் நின்றோம். நரகத்தைக் குறித்து இத்தனை ஆண்டுகள் பிரசங்கம் செய்திருக்கிறோம். நெருப்பையும் பற்கடிப்பையும் சொல்லியிருக்கிறோம். அங்கே நெருப்பு இல்லை. விழுகிறவர்களும், ஒருவரையொருவர் எட்டிப் பிடிக்க முயன்று பிடிக்கமுடியாமல் நழுவுகிறவர்களுமே இருக்கிறார்கள். ஆடையில்லை என்பது ஐந்து நிமிடங்களுக்குப் பின் நம் நினைவிலேயே இல்லை. நியாயத் தீர்வை நாளில் எவர் ஆடையோடு நிற்கப்போகிறார்?

தோட்டத்தின் கோடியில் நீர்நிலை ஒன்று. அதன் நடுவே உகோலினோ. பீசா நகரத்துக் கோபுரத்தில் பிள்ளைகளோடும் பேரர்களோடும் அடைக்கப்பட்டுப் பட்டினியால் மாண்ட பிரபு. இறந்துகொண்டிருக்கும் பிள்ளைகளின்மேல் கைகால்களை ஊன்றி, கண்ணிழந்த விலங்குபோல் தவழ்கிறார். நம் குழுவில் வந்திருந்த ஒரு தாய் இதைக் கண்டிருந்தால் அழுதிருப்பார். நாம் அங்கே அதிகநேரம் நிற்கவில்லை.

இப்போது வார்ப்பைப் பற்றி இரண்டு வார்த்தை. நம்மூர்ச் சுவாமிமலையில் மெழுகிலேயே உருவத்தைச் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்விடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளிவரும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. அதுவும் உள்ளே கனமான சிலை. ரோடானின் முறை வேறு. அவர் கை பட்டது களிமண்ணில். களிமண்ணிலிருந்து சுதை அச்சு, அதிலிருந்து சுதைப் படிவம், அதைக்கொண்டு வார்ப்படச்சாலையினர் உள்ளீடற்ற வெண்கலம் வார்த்தார்கள். மூலப் படிவம் அழிவதில்லையாதலால் ஒன்றுக்கு மேல் வார்க்கலாம். பன்னிரண்டுக்கு மேல் மூல வார்ப்பு என்று கொள்ளலாகாது என்பது பிரெஞ்சுச் சட்டம். ஆதலால்தான் ஒரே சிற்பம் பாரிசிலும் இலண்டனிலும் தோக்கியோவிலும் நிற்கிறது, ஒன்றும் போலியன்று.

நம் நாட்டுக்கும் இவருக்கும் ஓர் உறவு உண்டு என்றார் இளங்குரு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள நடராசர் வெண்கலங்களின் நிழற்படங்களை முதுமையில் கண்டு வியந்து, 1913-இல் ரோடான் ஒரு கட்டுரை எழுதினாராம். அவர் இறந்தபின் 1921-இல் அது அச்சேறியது. இந்தியாவுக்கு அவர் வந்ததேயில்லை. நிழற்படத்தைப் பார்த்தே சோழச் சிற்பியின் கைத்திறத்தை உணர்ந்துகொண்டார். எழும்பூருக்குப் பலமுறை சென்று, பல் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாம் தலைகுனிந்துகொண்டோம்.

பிறகு அந்த ஆறு பேரிடம் வந்தோம்.

1346-இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டு, கலே என்னும் துறைமுக நகரை முற்றுகையிட்டார். பதினொரு மாதம் நகரம் தாக்குப்பிடித்தது. உணவு தீர்ந்தது. நகர முதன்மையாளருள் அறுவர் வெறுங்காலோடு, சட்டை மட்டும் உடுத்து, கழுத்தில் தூக்குக் கயிற்றோடு நகரத்தின் சாவிகளைக் கொண்டுவந்து சரணடைந்தால் மற்றவர்களை உயிரோடு விடுவதாக மன்னர் சொல்லியனுப்பினார். முதலில் எழுந்தவர் நகரின் பெருஞ்செல்வரான எஸ்தாஷ் தெ சேன் பியேர். பின்னர் ஐவர் எழுந்தனர். கருவுற்றிருந்த அரசி பிலிப்பா மன்னரின் காலில் விழுந்து மன்றாடியதால் அவர்கள் பிழைத்தார்கள் என்று பழைய வரலாற்றாசிரியர் புருவாசார் எழுதிவைத்திருக்கிறார்.

கலே நகரத்தார் 1884-இல் ரோடானை அணுகியபோது அவர்கள் எதிர்பார்த்தது ஒரு வீரனின் சிலை. அவர் ஆறு பேரையும் செய்தார். அதுவும் பிழைத்த நேரத்தையன்று, பிழைப்போம் என்று அறியாத நேரத்தை. நகர வாயிலை நோக்கி நடக்கும் அந்தச் சில அடிகளை. ஒருவர் சாவியை இறுகப் பற்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறார். ஒருவர் இரு கைகளாலும் தலையைத் தாங்கிக் குனிந்திருக்கிறார். ஒருவர் வாய் திறந்தபடி பின்னால் திரும்புகிறார். யாரைப் பார்க்கிறாரோ, மனைவியையோ, வீட்டையோ! முதியவரான எஸ்தாஷின் கைகள் கனத்துத் தொங்குகின்றன. ஒருவரும் மற்றவரைப் பார்க்கவில்லை. அறுவரும் ஒன்றாகப் போகிறார்கள். ஒவ்வொருவரும் தனியாகப் போகிறார்கள்.

இவர்களுக்குப் பீடம் வேண்டாம், நகரச் சதுக்கத்தின் தரையிலேயே மக்களோடு மக்களாக நிற்கட்டும் என்பது சிற்பியின் விருப்பங்களுள் ஒன்று. நகரத்தார் இசையவில்லை. 1895-இல் உயர்ந்த பீடத்தின்மேல்தான் திறந்துவைத்தார்கள். 1924-இல், அவர் இறந்து ஏழாண்டுகளுக்குப் பின், கலே நகரமன்றத்தின் முன்னே தாழ்வான மேடைக்கு இறக்கினார்கள். நம் ஆலயங்களில் புனிதர்களை எத்தனை உயரத்தில் வைத்திருக்கிறோம் என்று எண்ணிக்கொண்டோம். துடைப்பதற்கும் ஏணி வேண்டியிருக்கிறது.

நமக்கு அவர்கள் அனைவரிலும் அஞ்சுகிறவர்களையே பிடித்திருந்தது. மறைசாட்சிகளின் சரித்திரங்களைச் சிறுவயதில் படித்தபோது, அவர்கள் சிரித்துக்கொண்டே கொலைக்களம் சென்றார்கள் என்றே நம் மனத்தில் பதிந்தது. நாமோ ஊசிக்கே அஞ்சுகிறவர். ஒலிவமலைத் தோட்டத்தில் நம் ஆண்டவர் வியர்வை சிந்தி நின்றதை ஆண்டுதோறும் பெரிய வியாழனன்று வாசிக்கிறோம். ஆயினும் அச்சத்தோடும் போகலாம் என்பதை வெண்கலத்தில் கண்டது அன்றைக்குத்தான்.

இருக்கையில் அமர்ந்தோம். அங்கேதான் இளங்குரு, தாம் நம்மை அழைத்துவந்த காரணத்தைச் சொன்னார்.

"இந்த ரோடான் சில மாதங்கள் துறவற சபையில் இருந்தவர், ஃபாதர். உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

1840-இல் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தவர் ரோடான். அரசுக் கலைப்பள்ளியின் நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றவர். மரியா என்னும் தமக்கையின்மேல் உயிரையே வைத்திருந்தார். அவள் துறவு மடம் புகுந்து 1862-இல் இறந்துபோனாள். இளைஞனால் அதைத் தாங்கமுடியவில்லை. களிமண்ணையும் கருவிகளையும் விட்டுவிட்டு, புதிதாக நிறுவப்பட்டிருந்த நற்கருணை சபையில் சேர்ந்தார். சகோதரர் அகுஸ்தீன் என்று பெயர் பெற்றார். அச்சபையின் நிறுவனரும் அதிபருமாக இருந்தவர் பீட்டர் ஜூலியன் எய்மார்ட். நற்கருணையின் திருத்தூதர் என்று நாம் போற்றும், 1962-இல் இருபத்துமூன்றாம் அருளப்பர் பாப்பரசரால் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட அதே எய்மார்ட்.

புதிய சபை, ஆள் போதாத சபை. கதவைத் தட்டி வந்த இளைஞனை எந்த அதிபர்தான் விடுவார்? ஆனால், அந்த மனிதர் இளைஞனை உற்றுப் பார்த்தார். தேவ அழைத்தல் எது, துக்கம் எது என்று பிரித்துப் பார்த்தார். மண்ணும் இடமும் கொடுத்து, மீண்டும் உருவம் செய்யச் சொன்னார். ரோடான் அதிபரின் மார்பளவுச் சிலையையே செய்தார். 1863-ஆம் ஆண்டு செய்த அந்தச் சிலை இன்றும் இருக்கிறது. மாளிகையினுள்ளே நாம் அதன் சாயலைத் தேடினோம்: ஒட்டிய கன்னம், ஊடுருவும் கண்கள், நெற்றிக்கு மேல் எழும்பிய மயிர்க்கற்றை. பிறகு அதிபர் அவரை வெளியுலகுக்கே திருப்பியனுப்பினார், "உன் இடம் அங்கே" என்று.

இதைக் கேட்டபின் நாம் சற்றுநேரம் பேசவில்லை. இளங்குரு, நாம் களைத்துவிட்டோம் என்று எண்ணித் தண்ணீர் வாங்கச் சென்றார். நாம் நினைத்துக்கொண்டிருந்தது வேறொருவனை.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, ஆலயத்துக்குப் பின்புறம் ஒரு பட்டறை இருந்தது. தந்தையும் மகனும் சுரூபம் செய்வார்கள். தேக்கில் பாடுபட்ட சுரூபம், திருவிழாச் சப்பரத்துக்குச் சம்மனசுகள், கெபிகளுக்கு லூர்து அன்னை. தந்தையை விட மகன் கை நல்லது என்பது ஊரறிந்த செய்தி. சூசையப்பர் சுரூபத்தின் கையைத் தன் தகப்பனின் கையைப் போலவே, நகத்தின் வெடிப்பு உள்பட, செதுக்கியிருந்தான். பத்தொன்பது வயது. அவனுடைய அக்காள் காய்ச்சலில் நான்கே நாளில் இறந்துபோனாள். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் சக்கிறீஸ்துக்குள் வந்து நின்றான். "சாமி, என்னைக் குருமடத்துக்கு அனுப்புங்க" என்றான்.

அந்தப் பங்கிலிருந்து பதினான்கு ஆண்டுகளாக ஒருவரும் குருமடம் சென்றதில்லை. அதை ஆயர் அவர்கள் நம்மிடம் இருமுறை சுட்டிக்காட்டியிருந்தார்கள். அந்த வாரமே சிபாரிசுக் கடிதம் எழுதிவிட்டோம். "ஏன்?" என்று கேட்கவில்லை. "ஓர் ஆண்டு பொறு" என்று சொல்லவில்லை. ஞாயிறன்று பீடத்திலிருந்து அவன் பெயரை அறிவித்தோம், மக்கள் கைதட்டினார்கள். அவன் உளிகளைத் தகப்பனாரே எண்ணெய் தடவித் துணியில் சுற்றிவைத்தார். இரண்டரை ஆண்டு கழித்து அவன் திரும்பி வந்தான். குருமடத்தில் எவரும் அவனுக்கு ஒரு குறையும் செய்யவில்லை. அவனே கண்ணீரோடு விடைபெற்றுக்கொண்டு வந்தான். வீட்டுக்குள்ளேயே ஆறு மாதம் கிடந்தான். பிறகு பக்கத்துச் சிறுநகரத்தில் இரும்புக் கடையொன்றில் கணக்கெழுதச் சேர்ந்தான். உளியை மறுபடி அவன் தொடவேயில்லை. தகப்பனார் இறந்தபின் பட்டறையில் சைக்கிள் வைக்கிறார்கள். நாமும் மாற்றலாகி வந்துவிட்டோம்.

தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு மாளிகையினுள்ளே சென்றோம். உள்ளே இருப்பவற்றையெல்லாம் விவரிக்க இங்கே இடமில்லை. இரண்டைச் சொல்லலாம். 'பேராலயம்' என்னும் சிற்பம்: உயர்ந்து எழுந்து விரல் நுனிகள் தொடுவதுபோல் வளைந்திருக்கும் இரு கைகள். கோதிக் கோயிலின் வளைவைப் போன்ற வெளி அவற்றின் இடையே. உற்றுப் பார்த்தால் இரண்டும் வலக்கைகள். ஒருவர் கும்பிடும் கைகள் அல்ல, இருவர் கைகள். திருமண அறிவுரைக்கு இனி இதைப் பயன்படுத்துவதாக முடிவுசெய்திருக்கிறோம்.

மற்றொன்று கமீல் கிளாதெல் என்னும் பெண் சிற்பியின் அறை. இருபது வயதுகூட நிரம்பாமல் ரோடானின் பட்டறைக்கு வந்தவர். அவருக்குச் சமமான கை படைத்தவர். அவரால் நேசிக்கப்பட்டுக் கைவிடப்பட்டவர். 1864 முதல் ரோடானோடு வாழ்ந்த ரோஸ் என்னும் பெண்ணை அவர் விடவும் இல்லை, மணக்கவும் இல்லை. 1917 ஜனவரி இறுதியில்தான் ரோசை மணந்தார். அரை மாதத்தில் அவர் இறந்தார். ஐம்பத்திரண்டு ஆண்டுகள் காத்திருந்து பதினாறு நாள் மனைவியாக இருந்தார் அந்த அம்மையார். கமீலோ மனநலம் குன்றி, 1913-இல் தந்தை இறந்த சில நாள்களில் குடும்பத்தாரால் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்டு, 1943-இல் இறக்கும்வரை முப்பது ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தார். வெளியே விடலாம் என்று மருத்துவர்கள் எழுதியும் தாய் இசையவில்லை. கமீலின் தம்பி வேறு யாருமல்லர். 1886-ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு நாளன்று பாரிஸ் பேராலயத்தில் விசுவாசம் பெற்ற கத்தோலிக்கப் பெருங்கவிஞர் பால் கிளாதெல். குருமடத்தில் நம் பேராசிரியர் அவர் பெயரை மிகுந்த மதிப்போடு சொல்வார். தமக்கையைக் காண அவர் அந்த முப்பது ஆண்டுகளில் அரிதாகவே சென்றார். 1952-இல் தமக்கையின் சிற்பங்கள் சிலவற்றை இந்த அருங்காட்சியகத்துக்கு அவரே கொடுத்தார். முழந்தாளிட்டுக் கைநீட்டி மன்றாடும் ஓர் இளம்பெண். அவளை விட்டு இழுத்துச் செல்லப்படும் முதிய ஆண். அந்த நீட்டிய கைக்கும் அந்த ஆணின் கைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை நம்மால் மறக்கமுடியவில்லை. ரோடானை நாம் புனிதராக்க முன்வரவில்லை என்பதற்காகவே இதையும் எழுதுகிறோம். விசுவாசிகள் என்போரின் வீட்டிலும் கதவுகள் சாத்தப்பட்டிருந்தன என்பதற்காகவும்.

வெளியே வருகையில் மாலையாகிவிட்டது. சிற்றாலயத்தைத் திரும்பிப் பார்த்தோம். முதலில் இருந்த கோபம் குறைந்திருந்தது என்று சொல்லலாம். போய்விட்டது என்று சொல்லமுடியாது. கடையில் மூன்று பட அட்டைகள் வாங்கினோம்.

ஊர் திரும்பி மூன்றாம் வாரம், ஓர் ஈமச் சடங்குக்காகப் பழைய பங்குக்குப் போகவேண்டியிருந்தது. வழியில் அந்தச் சிறுநகரத்தில் இறங்கி இரும்புக் கடையைத் தேடிக் கண்டுபிடித்தோம். அவனுக்கு இப்போது முப்பத்தொரு வயது. நரை தெரிகிறது. நம்மைக் கண்டதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, தேநீருக்குச் சொல்லியனுப்பினான். எய்மார்ட் அடிகளின் கதையைச் சொன்னோம். தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அன்று உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கவேண்டும், கேட்கவில்லை, நம் பங்குக்குப் பெருமை வேண்டுமென்று அவசரப்பட்டோம், அது நம் தவறு என்றும் சொன்னோம். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் மறுபக்கம் இருந்து பழகிய நமக்கு அது எளிதாக இல்லை.

"அதெல்லாம் விடுங்க சாமி. நானும்தானே கேட்டேன்" என்றான். பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. தேநீர் வந்தது. நாம் பட அட்டைகளை எடுத்து மேசைமேல் வைத்தோம். சிந்தனையாளரைப் பார்த்துவிட்டுத் தள்ளிவைத்தான். நரக வாயிலையும் அப்படியே. மூன்றாவதைக் கையில் எடுத்து, வெளிச்சத்துக்காக வாசல் பக்கம் திரும்பினான்.

"இந்தப் பெரியவருக்குக் கை ஏன் சாமி இவ்வளவு பெரிசா இருக்கு? காலும் அப்படித்தான் இருக்கு."

தெரியவில்லை என்றோம். செய்தவர் தவறிவிட்டாரோ என்னவோ என்றும் சொன்னோம்.

"தப்பு இல்ல சாமி" என்றான் உடனே. "வேணும்னே பண்ணியிருக்கார். உடம்புக்குச் சரியா அளவெடுத்துக் கையை வச்சா அது சும்மா தொங்கும். கனமாத் தொங்காது." தன் வலக்கையைத் தொங்கவிட்டு, இடக்கை விரல்களால் மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரை அளந்து பார்த்தான். "இங்க ஒரு விரக்கடை கூடுதலா வச்சிருக்கார்."

அதற்குள் ஒருவர் வந்து இரண்டு அங்குல ஆணி ஒரு கிலோ கேட்டார். அவன் எழுந்து தராசுப் பக்கம் போனான். போகுமுன் அந்தப் படத்தைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்து மூடினான். மற்ற இரண்டையும் நம்மிடமே திருப்பிக் கொடுத்துவிட்டான். அவை இப்போது பங்குமனை அலமாரியில் இருக்கின்றன.